உங்களுக்குத் தெரியுமா? புகையிலை எரிவதை மண் தீர்மானிக்கிறது

இலங்கையின் மாத்தளையிலிருந்து ரிவர்ஸ்டன் மலை ஏறி லக்கலப் பக்கம் இறங்கினால், சில கிலோமீட்டருக்குள் மூடுபனி விலகி வறண்ட வெயில் வந்துவிடும். ஒரே புகையிலை விதையை இப்படி வேறுபட்ட இரு நிலங்களில் நட்டால், இலை ஒன்றாக இருக்காது. மழை மிகுந்தால் மண்ணின் நைதரசன் கழுவிப் போய், இலையில் நிக்கோட்டின் குறையும். வறட்சியில் அது கூடும், இலையும் தடிக்கும்.

இலையின் எரிதலைத் தீர்மானிப்பவை முக்கியமாக மண்ணிலிருந்து ஏறும் இரண்டு சத்துகள். பொட்டாசியம் தணலை அணையவிடாமல் காக்கும், குளோரைடு அதை அணைக்கும். உலர்ந்த இலையின் எடையில் குளோரைடு ஏறத்தாழ 2 சதவீதத்தைத் தாண்டினால், இலை ஈரத்தை உறிஞ்சி, சரியாகப் பற்றாது. அதனால்தான் சிகரெட் புகையிலைக்கு மலிவான பொட்டாசியம் குளோரைடு உரத்தைத் தவிர்த்து, பொட்டாசியம் சல்பேட் இடுகிறார்கள்.

கடலோரக் கிணறுகளில் உப்பு ஏறினால் அதிலுள்ள குளோரைடும் இலைக்குள் போகும். ஆனால் தமிழ்நாட்டின் கடலோர வேதாரண்யத்தில் விளைவது மெல்லும் புகையிலை. வாயில் போடும் இலைக்கு எரியும் குணம் தேவையில்லை. யாழ்ப்பாணத்து இலையும் ஒரு காலத்தில் வெற்றிலையோடு மெல்லவென்றே திருவிதாங்கூருக்குக் கப்பலேறியது. மெல்லும் இலையும் வாய்ப் புற்றுநோயைத் தரக்கூடியதே.