சோர்ந்த பிள்ளைகளும் சிகிச்சையின் அளவும்

திருத்தணி மலைக்கு 365 படிகள் உண்டு. வண்டிகள் ஏறும் பாதையும் உண்டு. இயன்றவன் படியேறுகிறான், இயலாதவனை வண்டியில் அழைத்துச் செல்கிறோம். படியில் விழுந்து எழுந்தவனுக்கே வண்டி என்று எவரும் விதி செய்வதில்லை. மனச்சோர்வுற்ற பிள்ளைகளின் விஷயத்தில் மட்டும் நாம் அத்தகைய விதியையே அனுசரித்து வருகிறோம்.

பரீட்சையில் தவறியதால் வரும் நான்கு நாள் துக்கத்தை நாம் குறிப்பிடவில்லை. வாரக்கணக்கில் உற்சாகம் அற்று, ஊணும் உறக்கமும் கெடும் வியாதியையே குறிப்பிடுகிறோம். இளம் பிராயத்தில் இது எரிச்சலாகவும் வெளிப்படுமாதலால், வீட்டார் திமிரென்று எண்ணி அடிப்பதும் உண்டு. 2015-16இல் நடந்த தேசிய மனநலக் கணக்கெடுப்பில், 13 முதல் 17 வயது வரை உள்ளோரில் 100க்கு 7.3 பேரிடம் ஏதேனும் ஒரு மனக்கோளாறு காணப்பட்டது. மனநல வைத்தியரோ தேசத்தில் லட்சம் பேருக்கு ஒருவர் வீதங்கூட இல்லை. அவரிடம் எந்தப் பிள்ளையை முதலில் அனுப்புவது?

அமெரிக்காவில் 439 பிள்ளைகளிடம் நடத்திய சோதனையின் முடிவு 2004இல் வெளியாயிற்று. 12 வாரங்களில் மருந்தும் பேச்சுச் சிகிச்சையும் சேர்ந்து பெற்றவர்களில் 100க்கு 71 பேர் தேறினர். மருந்து மட்டும் பெற்றவர்களில் 61. பேச்சு மட்டும் பெற்றவர்களில் 43. வெற்று மாத்திரை பெற்றவர்களில் 35. வெற்று மாத்திரையிலேயே மூன்றில் ஒரு பங்கினர் தேறியதைக் கவனிக்க வேண்டும். அதே பிள்ளைகளைப் பற்றி 2006இல் வெளிவந்த ஆராய்ச்சி, நெடுநாள் சோர்வு, நம்பிக்கையின்மை, தற்கொலை எண்ணம், உடன் வேறு கோளாறுகள் ஆகியவை உள்ளவர்கள் எளிதில் தேறுவதில்லை என்று காட்டிற்று. செல்வக் குடும்பத்துப் பிள்ளைகளுக்குப் பேச்சுச் சிகிச்சை மட்டுமே கூட்டுச் சிகிச்சைக்கு நிகரான பலனளித்தது என்பதும் அதில் தெரிந்தது. ஏழையின் பிள்ளைக்குப் பேச்சே போதுமென்று சிக்கனம் பேசுகிறவர்கள் இதைச் சற்று யோசிப்பார்களாக!

நம் தேசத்திலும் முயற்சி இல்லாமற் போகவில்லை. டில்லியில் ஆறு சர்க்கார் பள்ளிகளைச் சேர்ந்த, மனக்கஷ்டமுற்ற 251 மாணவர்களிடம் ஒரு சோதனை நடந்து, 2020இல் அதன் முடிவு வெளியாயிற்று. ஒரு சாராருக்குச் சிறு புத்தகங்கள் மட்டும்; மறு சாராருக்கு அவற்றோடு, வைத்தியரல்லாத, பயிற்சி பெற்ற ஆலோசகரின் துணையும். தாமே குறித்த கஷ்டங்களில் ஆலோசகர் துணை பெற்றோர் அதிக நிவாரணம் கண்டனர்; ஆனால் பொதுவான மனநிலை அளவையில் ஆறு வாரத்தில் குறிப்பிடத்தக்க பேதம் தோன்றவில்லை. ஆகவே, சிறு உதவி பலருக்குப் பயன்படும். அது போதாத பிள்ளையை உடனே அடையாளங் காண வேண்டும்.

திருத்தணி 1960 வரை சித்தூர் ஜில்லாவில் இருந்த ஊர். இன்றும் இப்பக்கத்தில் தெலுங்கு பேசும் வீடுகள் பல. வீட்டில் தெலுங்கும் பள்ளியில் தமிழும் பேசுகிற நெசவாளியின் மகள் தன் துயரத்தை எந்தப் பாஷையில் சொல்லுவாள்? தமிழ் வினாத்தாளில் அவள் இட்ட குறியை மட்டும் நம்பி, 'லேசான நோய்' என்று திருப்பி அனுப்புவது அபாயகரமானது என்பது நமது அபிப்பிராயம்.

யாருக்கு எது பலிக்கும் என்று தவறாமல் முன்கூட்டிச் சொல்லும் சாஸ்திரம் இன்னும் பூர்த்தியாகவில்லை. அதற்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. உயர்நிலைப் பள்ளிகளில் இரு பாஷையும் அறிந்த ஆலோசகர் இருக்கட்டும். சில வாரங்களுக்கொரு முறை பிள்ளையின் நிலையை அளந்து, தேறாதவரை மேற்சிகிச்சைக்கு அனுப்பட்டும். சாவைப் பற்றிப் பேசும் பிள்ளை எந்த வரிசையிலும் நில்லாமல் அன்றே வைத்தியரை அடைய வேண்டும். 14416 என்ற இலவசத் தொலைபேசி எண்ணில் இரவும் பகலும் ஆலோசனை பெறலாம். அந்த எண் ஒவ்வொரு வகுப்புச் சுவரிலும் இரு பாஷையிலும் எழுதப்படட்டும். அதற்குச் சர்க்கார் உத்தரவு வரும்வரை தலைமையாசிரியர்கள் காத்திருக்க வேண்டுவதில்லை.