உஷார்! உங்கள் தெருவுக்கு நாய் பிடிக்க வருகிறவர் யார்?

தெருமுனையில் நாய் வண்டி வந்து நின்றதும் 'அப்பாடா, இனித் தொல்லை இல்லை' என்று கதவைச் சாத்திக்கொள்கிறீர்களா? வேண்டாம், வெளியே வாருங்கள். வலையோடு இறங்குகிறவருக்கு நாய் பிடிக்கப் பயிற்சி உண்டா? அவர் முன்கூட்டியே வெறிநாய்க்கடித் தடுப்பூசி போட்டுக்கொண்டிருக்கிறாரா? பிடித்த நாய் எங்கே போகிறது? இந்த மூன்றுக்கும் பதில் தெரியாவிட்டால், உங்கள் தெருவில் ஆபத்து கூடப்போகிறது என்று அர்த்தம்.

இதை இப்போது உரக்கச் சொல்லக் காரணம் உண்டு. பள்ளி, மருத்துவமனை, விளையாட்டு அரங்கம், பேருந்து நிலையம், ரயில் நிலைய வளாகங்களில் திரியும் நாய்களைப் பிடித்து, கருத்தடையும் தடுப்பூசியும் செய்து காப்பகத்தில் வைக்க வேண்டும், அதே இடத்தில் திரும்ப விடக்கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2025 நவம்பர் 7 அன்று உத்தரவிட்டது. நாடு முழுக்க ஒரே நேரத்தில் நாய் பிடிக்க ஆள் தேவை. உத்தரவு வந்த வேகத்தில் பயிற்சி பெற்றவர்கள் முளைத்துவிட மாட்டார்கள். அந்த இடைவெளியில், அகப்பட்டவர் கையில் வலையைத் திணிக்கும் நிலை வரும். அதுதான் பயம்.

தமிழ்நாட்டில் 2024-இல் மட்டும் சுமார் 4.80 லட்சம் நாய்க்கடிகள் பதிவாகின. வெறிநாய்க்கடி நோயால் 43 பேர் இறந்தார்கள். அறிகுறி தெரிந்துவிட்டால் இந்த நோயிலிருந்து உயிர் பிழைப்பது மிக மிக அரிது. இப்படிப்பட்ட விஷயத்தில் அரைகுறை வேலைக்கு இடமே இல்லை.

சட்டம் என்ன சொல்கிறது?

2001-ஆம் ஆண்டின் நாய் இனப்பெருக்கக் கட்டுப்பாட்டு விதிகளே, நாய் பிடிக்கும் குழுவில் ஓட்டுநரைத் தவிரப் பயிற்சி பெற்றவர்கள் இரண்டு பேராவது இருக்க வேண்டும் என்றன. அவற்றுக்குப் பதிலாக 2023 மார்ச்சில் வந்த புதிய விதிகள் இன்னும் கண்டிப்பானவை. இந்திய விலங்குகள் நல வாரியத்தின் திட்ட அங்கீகாரச் சான்றிதழ் இல்லாமல் உள்ளாட்சியோ தொண்டு அமைப்போ கருத்தடைத் திட்டம் நடத்தக்கூடாது. கையாலோ வலையாலோ, நாய்க்கு அதிர்ச்சி குறைவாக இருக்கும்படிதான் பிடிக்க வேண்டும். இடுக்கிக்கும் கம்பிக்கும் தடை.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். அந்தச் சான்றிதழ் திட்டத்துக்கும் அமைப்புக்கும் தரப்படுவது. சான்றிதழ் அலுவலகச் சுவரில் மாட்டியிருக்கும். தெருவில் இறங்குகிறவர் நேற்றுவரை குப்பை அள்ளிய ஒப்பந்தத் தொழிலாளியாக இருக்கலாம். அவர் மேல் தப்பில்லை. பழக்காமல், ஊசி போடாமல் அவரை அனுப்புகிறவர்கள்தான் பதில் சொல்ல வேண்டும்.

பயிற்சி இல்லாவிட்டால் என்ன ஆகும்?

பழகாத கை முதலில் பிடிப்பது, பிஸ்கட்டுக்கு வாலாட்டி வரும் சாது நாயைத்தான். மனிதரைக் கண்டாலே ஒதுங்கும் நாய்கள் தப்பி ஓடி, குட்டி போட்டுப் பெருகும். ஒருமுறை வலைக்குத் தப்பிய நாய் அடுத்த முறை வண்டிச் சத்தம் கேட்டாலே ஓடிவிடும்.

இது வெறிநோய்த் தடுப்பையே குலைத்துவிடும். ஒரு பகுதி நாய்களில் குறைந்தது 70 சதவீதத்துக்குத் தடுப்பூசி போட்டால்தான் நோய் பரவும் சங்கிலி அறும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு. சாது நாய்களை மட்டும் பிடித்துக்கொண்டிருந்தால் அந்த அளவைத் தொடவே முடியாது.

பால் கொடுக்கும் தாயைத் தெரியாமல் தூக்கிப் போனால், சந்தில் கிடக்கும் குட்டிகள் பட்டினியில் சாகும். கம்பிச் சுருக்கில் கழுத்து இறுகிய நாய், வலியில் பக்கத்தில் நிற்பவரைக் கடிக்கும். அந்தப் பக்கத்தில் நிற்பவர் வேடிக்கை பார்க்க வந்த உங்கள் பிள்ளையாக இருக்கலாம்.

வெறி பிடித்ததாகச் சந்தேகப்படும் நாயைத் தனியே அடைத்துக் கண்காணிக்க வேண்டும். பயிற்சி இல்லாதவர் பதறிப்போய் மண்டையில் அடித்துக் கொன்று புதைத்துவிடுவார். நோயை உறுதி செய்ய நாயின் மூளைத் திசுதான் வேண்டும். அது சிதைந்துவிட்டால் சோதனைக்கு வழியில்லை. அந்த நாய் வேறு யாரைக் கடித்தது என்று தேடிப் போகும் அவசரமும் அதோடு மண்ணுக்குள் போய்விடும்.

குடியிருப்போர் சங்கங்களே, உஷார்!

'ஆளுக்கு இவ்வளவு போட்டு, தனியாரை வைத்துப் பிடித்து ஊருக்கு வெளியே விட்டுவிடலாம்' என்று யாராவது சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள். அது விதிமீறல். அதைவிட மோசம், காலியான தெருவுக்குத் தடுப்பூசி போடாத புது நாய்கள் வரும். கொண்டுபோய் விட்ட ஊரிலும் கடி கூடும்.

வண்டி வந்தால் கேளுங்கள்

• உள்ளாட்சி கொடுத்த அடையாள அட்டை ஒவ்வொருவரிடமும் இருக்கிறதா?
• நாய் பிடிக்க எங்கே பயிற்சி பெற்றார்கள்?
• முன்தடுப்பு ஊசி போட்டிருக்கிறார்களா?
• கையில் இருப்பது வலையா, கம்பியா?
• எந்த மையத்துக்குக் கொண்டு போகிறார்கள்? எந்தெந்த நாயை எங்கே பிடித்தார்கள் என்று எழுதிக்கொள்கிறார்களா?

திரும்பி வந்த நாயின் காது நுனியில் வெட்டு அடையாளம் இருக்கிறதா என்றும் பாருங்கள். அதுதான் கருத்தடை முடிந்ததற்குச் சாட்சி. பதில் சரியில்லை என்றால் வண்டி எண்ணைக் குறித்து நகராட்சி ஆணையரிடமோ வார்டு உறுப்பினரிடமோ எழுத்தில் கொடுங்கள். சென்னைவாசிகள் 1913-க்குப் பேசலாம்.

கடித்துவிட்டால்

காயத்தை உடனே ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவுங்கள். மஞ்சள், சுண்ணாம்பு, மிளகாய்ப்பொடி எதுவும் வைக்காதீர்கள். அன்றே அரசு மருத்துவமனைக்குப் போய் ஊசியைத் தொடங்குங்கள். ஒரு தவணையையும் விடாதீர்கள். ரத்தம் வந்த காயமென்றால் இம்யூனோகுளோபுலினும் கேட்டுப் போட்டுக்கொள்ளுங்கள். நாய் பிடிக்கும் தொழிலாளிக்கும் இதைச் சொல்லுங்கள்: முன்பே ஊசி போட்டிருந்தாலும் கடிபட்டால் மறுபடி இரண்டு தவணை கட்டாயம்.

அதிகாரிகளே!

பழக்குவதற்கு இடமில்லை என்று சொல்ல முடியாது. தெருநாய்க் கருத்தடைக்கான சர்வதேசப் பயிற்சி மையம் நம் உதகையிலேயே இருக்கிறது. நாய்களைக் கொல்வதை விட்டுக் கருத்தடைக்கு 1996-லேயே மாறிய மாநகராட்சி சென்னை. இத்தனை அனுபவம் உள்ள மாநிலத்தில் பழகாத ஒருவரை வலையோடு அனுப்புவது மன்னிக்க முடியாத அலட்சியம். ஒப்பந்தப் புள்ளியிலேயே எழுதுங்கள்: பயிற்சிச் சான்றும் தடுப்பூசி அட்டையும் காட்டாத எவரும் வண்டியில் ஏறக்கூடாது. அதைக் காட்டும்படி கேட்பது, வாசகர்களே, உங்கள் உரிமை. அடுத்த முறை வண்டி வரும்போது கேளுங்கள்.