வாயிற்காவல் மட்டும் போதுமா?

நம் விடுதியின் வாயிலில் காவலர் ஒருவர் இருக்கிறார். இரவில் நேரங்கழித்து வருவோரின் அடையாள அட்டையைப் பார்த்த பிறகே உள்ளே விடுகிறார். காவலர் இருக்கிறார் என்பதற்காக நம்மில் எவரேனும் அறைக் கதவைத் திறந்து போட்டுவிட்டு விடுமுறைக்கு ஊருக்குப் போகிறோமா? இல்லை. அறைக்கு ஒரு பூட்டு. அறைக்குள் இருக்கும் பெட்டிக்கு மற்றொரு பூட்டு. பக்கத்து அறை நண்பன் கேட்டால் மிதிவண்டிச் சாவியைக் கொடுக்கிறோம். பெட்டிச் சாவியைக் கொடுப்பதில்லை. அதனால் நட்புக்குக் குறைவு வந்துவிட்டதென்று அவனும் நினைப்பதில்லை.

விடுதி மாணவர் ஒவ்வொருவரும் அறிந்த இந்த எளிய உண்மையைப் பெரிய நிறுவனங்கள் தங்கள் கணிப்பொறிகளின் காவலில் கடைப்பிடிக்க நெடுங்காலம் பிடித்தது. சில நிறுவனங்கள் பெரும் பொருளை இழந்த பின்னரே அதைக் கற்றுக்கொண்டன. அந்தப் பாடம் என்ன என்பதை இக்கட்டுரையில் காண்போம்.

மதிலை நம்பிய காலம்

ஒரு நிறுவனத்தில் நூறு கணிப்பொறிகள் இருக்கலாம்; நூறாயிரமும் இருக்கலாம். அவை ஒன்றோடொன்று செய்தி பரிமாறிக்கொள்ளுமாறு இணைக்கப்பட்டிருப்பதையே வலையமைப்பு என்கிறோம். 1990ஆம் ஆண்டுகளில் இணையம் பரவத் தொடங்கியபோது, நிறுவனத்தின் வலையமைப்புக்கும் வெளியுலகுக்கும் இடையே ஓர் எல்லைக் காவல் வேண்டியதாயிற்று. அதற்கென அமைந்ததே ‘ஃபயர்வால்’ என்னும் தடுப்பு. வந்து போகும் ஒவ்வொரு செய்தித் துணுக்கும் எங்கிருந்து வருகிறது, எங்கே போகிறது, எந்தப் பணிக்காக வருகிறது என்று பார்த்து, விதிக்கு உட்பட்டதை விடும், மற்றதைத் தள்ளும். வெளியூர் சென்ற ஊழியர் உள்ளே வர வேண்டுமானால் ‘வி.பி.என்.’ என்னும் மறைவழி உண்டு. கடவுச்சொல்லைச் சொன்னால் அந்தச் சுரங்கத்தின் வழியே மதிலுக்குள் வந்துவிடலாம்.

இந்த ஏற்பாடு இரண்டு எண்ணங்களின்மேல் நின்றது. பகைவன் வெளியே இருக்கிறான் என்பது ஒன்று. உள்ளே இருப்பவரெல்லாம் நம்மவர் என்பது மற்றொன்று. ஆகவே எல்லையில் கடுமையான சோதனை. உள்ளே போய்விட்டால் தடையில்லாத நடமாட்டம்.

காலப்போக்கில் இரண்டு எண்ணங்களும் பொய்த்தன. ஊழியர்கள் மடிக்கணினியை வீட்டுக்கு எடுத்துச் சென்றார்கள்; அலுவலகக் கடிதங்களைக் கைப்பேசியில் படித்தார்கள். நிறுவனத்தின் கணக்குகள் பிறருடைய சர்வர்களில், ‘கிளவுட்’ என்னும் வாடகை இடங்களில் குடியேறின. 2020இல் பெருந்தொற்று வந்தபோது அலுவலகமே வீடுகளுக்குப் பெயர்ந்தது. ‘உள்’ எது, ‘வெளி’ எது என்று கோடு கிழிக்க முடியாமற் போயிற்று. மதில் நின்றது, ஆனால் மதிலால் காக்கப்பட வேண்டியவற்றுள் பாதி மதிலுக்கு வெளியே இருந்தன.

மூன்று நிகழ்ச்சிகள்

மேர்ஸ்க் என்பது டென்மார்க் நாட்டின் புகழ்பெற்ற கப்பல் நிறுவனம். உலகத்துறைமுகங்கள் பலவற்றில் அதற்குச் சரக்கு முனையங்கள் உண்டு; மும்பைக்கு அருகிலுள்ள ஜவஹர்லால் நேரு துறைமுகத்திலும் உண்டு. உக்ரைன் நாட்டில் இருந்த அதன் கிளையில், ஒரே ஒரு கணிப்பொறியில், அந்நாட்டில் வழங்கும் வரிக்கணக்கு மென்பொருள் ஒன்று நிறுவப்பட்டிருந்தது. அந்த மென்பொருளைத் தயாரித்தவர்களின் சர்வரைப் பகைவர்கள் முன்னரே கைப்பற்றியிருந்தார்கள். 2017 ஜூன் 27ஆம் நாள், அந்த மென்பொருளின் புதுப்பிப்பு வழியாக ‘நாட்பெட்யா’ என்னும் தீநிரல் பரவிற்று.

அது உள்ளே நுழைந்த வழியைவிட, நுழைந்த பின் பரவிய வேகமே நாம் கவனிக்க வேண்டியது. விண்டோஸில் இருந்த ஓர் ஓட்டையை அது பயன்படுத்திற்று; கணிப்பொறியின் நினைவகத்தில் தங்கியிருந்த கடவுச்சொற்களையும் திருடி, அவற்றைக் கொண்டே அடுத்த கணிப்பொறிக்குத் தாவிற்று. உள்ளே யாரும் அதனை ‘நீ யார்?’ என்று கேட்கவில்லை. உக்ரைனில் புகுந்த கேடு மும்பைக் கரையிலிருந்த முனையத்தின் வேலையையும் நிறுத்திற்று. சுமார் 4,000 சர்வர்களையும் 45,000 கணிப்பொறிகளையும் பத்து நாள்களில் மீண்டும் அமைக்க வேண்டியதாயிற்று என்று அந்நிறுவனத்தின் தலைவர் பின்னர் கூறினார். இழப்பு 25 கோடியிலிருந்து 30 கோடி டாலர் வரை என்று நிறுவனமே மதிப்பிட்டது.

இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. நிறுவனத்தில் யார் யாருக்கு என்ன உரிமை என்னும் பதிவேட்டைத் தாங்கிய சர்வர்கள் உலகெங்கும் இருந்தன. அவை ஒன்றுக்கொன்று படியாக இருந்தமையால், ஒன்று கெட்டால் மற்றொன்று உதவும் என்று எண்ணியிருந்தார்கள். எல்லாம் ஒரே நேரத்தில் அழிந்தன. கானா நாட்டில் இருந்த ஒன்று மட்டும் தப்பியது. காரணம், அந்த நேரத்தில் அங்கே மின்சாரம் இல்லை! ஒரு பெரிய நிறுவனத்தின் உயிரை மின்வெட்டு காப்பாற்றிற்று. தற்செயலாகக் கிடைத்த அந்தப் பிரிவைத் திட்டமிட்டே அமைத்திருக்க வேண்டும் அல்லவா?

இரண்டாவது நிகழ்ச்சி நம் நாட்டில், தலைநகரிலேயே நடந்தது. 2022 நவம்பர் 23ஆம் நாள் காலை, புதுதில்லி எய்ம்ஸ் மருத்துவமனையின் கணிப்பொறிகள் செயலிழந்தன. நெடுந்தொலைவிலிருந்து இரவெல்லாம் பயணம் செய்து வந்து வரிசையில் நின்ற நோயாளிகளின் பெயர்களைத் தாளில் எழுத வேண்டியதாயிற்று. சோதனைக்கூட முடிவுகளும் கட்டணச் சீட்டுகளும் கையெழுத்துக்கு மாறின. ஐந்து சர்வர்களில் சுமார் 1.3 டெராபைட் தகவல் பிறர் படிக்க இயலாத மறையெழுத்தாக மாற்றப்பட்டுப் பூட்டப்பட்டிருந்தது. வலையமைப்பு முறையாகப் பகுக்கப்படாமையே இதற்கு இடம் கொடுத்தது என்று அரசு நாடாளுமன்றத்தில் விடையளித்தது. தாக்குதலுக்கு ஆளாகாத ஒரு காப்பு சர்வரில் படி இருந்தமையால் தகவல்கள் மீட்கப்பட்டன. ஆயினும் பெரும்பாலான பணிகள் திரும்ப இரண்டு வாரங்கள் ஆயின. வலையமைப்பின் காவல் கணிப்பொறிக்காரர்களின் கவலை மட்டும் என்று எண்ணுவோர் அந்த வரிசையை ஒரு கணம் நினைத்துப் பார்க்க வேண்டும்.

மூன்றாவது, அமெரிக்காவின் கொலோனியல் எண்ணெய்க் குழாய் நிறுவனத்தைப் பற்றியது. 2021 மே மாதத்தில் அதன் குழாய்வழி பல நாள்கள் நிறுத்தப்பட்டது. கிழக்கு மாநிலங்களில் பெட்ரோல் நிலையங்களின்முன் வண்டிகள் நீண்ட வரிசையில் நின்றன. பகைவர் வந்த வழி ஒரு பழைய வி.பி.என். கணக்கு. அதற்கு இருந்த ஒரே காவல் ஒரு கடவுச்சொல். அந்நிறுவனம் 44 லட்சம் டாலர் பணயம் கொடுத்தது. அதில் ஒரு பகுதியை அமெரிக்க அரசு பின்னர் மீட்டது.

மூன்று நிகழ்ச்சிகளும் வெவ்வேறு வழியில் தொடங்கின. ஆனால் மூன்றும் சொல்வது ஒன்றே: உள்ளே இருப்பது ஒருவர் நல்லவர் என்பதற்குச் சான்று ஆகாது.

புதிய முறை

இதனை முன்னரே உணர்ந்தவர்களும் இருந்தார்கள். 2010ஆம் ஆண்டில் ஜான் கிண்டர்வாக் என்னும் ஆய்வாளர் ‘ஜீரோ டிரஸ்ட்’ என்னும் கொள்கையை வகுத்துரைத்தார். அதே ஆண்டு ஜனவரியில், தன் வலையமைப்புக்குள் பகைவர் நுழைந்ததைக் கூகுள் நிறுவனம் வெளிப்படையாக அறிவித்தது. அதன் பிறகு அந்நிறுவனம் தன் காவல்முறையையே மாற்றிற்று. அலுவலகத்தில் அமர்ந்திருப்பவருக்கும் காப்பிக்கடையில் அமர்ந்திருப்பவருக்கும் ஒரே சோதனை. இடத்துக்காக எவருக்கும் சலுகை இல்லை. 2020 ஆகஸ்டில் அமெரிக்காவின் தர நிர்ணய நிறுவனமான நிஸ்ட் இக்கொள்கைக்கு ஒரு வழிகாட்டி நூலை வெளியிட்டது.

இந்த முறையில் ஒரு வேண்டுகோள் எவ்வாறு சோதிக்கப்படுகிறது? ஓர் எழுத்தர் சம்பளக் கணக்கைத் திறக்க விரும்புகிறார் என்று வைத்துக்கொள்வோம்.

முதற் கேள்வி: கேட்பவர் யார்? இங்கே கடவுச்சொல் மட்டும் போதாது. கைப்பேசிக்கு வரும் ஓ.டி.பி. எண் ஓரளவு உதவும். ஆனால் போலி வலைப்பக்கத்தில் அதையும் நாமே ஏமாந்து எழுதிக் கொடுத்துவிடலாம். அதனினும் உறுதியானது ‘பாஸ்கீ’ என்னும் முறை. இதில் இரண்டு பாதிகள் உண்டு. ஒரு பாதி நம் கருவியிலேயே இருக்கும். மற்றொரு பாதி சர்வரில் இருக்கும். சர்வர் அனுப்பும் புதிருக்கு நம் கருவி கையெழுத்திட்டு விடை அனுப்புகிறது. இரகசியப் பாதி வழியில் செல்வதே இல்லை. உண்மையான தளத்தின் பெயரோடு அது பிணைக்கப்பட்டிருப்பதால் போலித் தளம் கேட்டால் கருவி விடை தராது. மனிதக் கண் ஏமாறினாலும் கருவி ஏமாறாது.

இரண்டாம் கேள்வி: எந்தக் கருவியிலிருந்து கேட்கிறார்? அது நிறுவனம் அறிந்த கருவியா, அதன் ஓட்டைகள் அடைக்கப்பட்டுள்ளனவா என்று பார்க்கிறார்கள். நாட்பெட்யா பயன்படுத்திய விண்டோஸ் ஓட்டைக்கு மைக்ரோசாஃப்ட் 2017 மார்ச் மாதத்திலேயே அடைப்பு வெளியிட்டிருந்தது என்பதை இங்கே நினைவுகூரலாம்.

மூன்றாம் கேள்வி: அவருக்கு எவ்வளவு வேண்டும்? சம்பளக் கணக்கை எழுதுபவருக்குச் சம்பளக் கணக்கு போதும். ஆராய்ச்சிக்கூடத்தின் கோப்புகள் வேண்டியதில்லை. வேலைக்கு வேண்டிய அளவே உரிமை. வேலை முடிந்ததும் அந்த உரிமையும் முடியும்.

இவற்றோடு இன்னும் மூன்று ஏற்பாடுகள் சேர வேண்டும். முதலாவது, வலையமைப்பைச் சிறு அறைகளாகப் பகுத்தல். கப்பலின் அடித்தளத்தை நீர்புகாத் தடுப்புகளால் பகுத்திருப்பார்கள். ஓர் அறையில் ஓட்டை விழுந்தாலும் கப்பல் மிதக்கும். மருத்துவமனைகளில் உள்ள பழைய படக்கருவிகளுக்குப் புதிய மென்பொருள் கிடைப்பதில்லை; கருவியையும் தூக்கி எறிய முடியாது. அவற்றைத் தனி அறையில் வைத்து, வேண்டிய ஒரே சர்வரோடு மட்டும் பேசவிடுவதே வழி.

இரண்டாவது, விழிப்பு. யார் எப்போது எதைத் திறந்தார் என்னும் குறிப்புகளைச் சேர்த்து வைத்து ஆராய வேண்டும். பகலில் பத்துக் கோப்புகளைத் திறக்கும் எழுத்தரின் கணக்கு, நள்ளிரவில் ஆயிரம் கோப்புகளைத் திறந்தால் உடனே மணி அடிக்க வேண்டும். நம் நாட்டின் செர்ட்-இன் அமைப்பு 2022 ஏப்ரலில் பிறப்பித்த ஆணை, இத்தகைய குறிப்புகளை 180 நாள்கள் காக்க வேண்டும் என்றும், தாக்குதலை அறிந்த 6 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும் என்றும் விதித்தது.

மூன்றாவது, காப்புப் படி. ஒரு படியாவது வலையமைப்போடு ஒட்டாமல் தனியே இருக்க வேண்டும். அதிலிருந்து மீட்க முடிகிறதா என்று அவ்வப்போது மீட்டுப் பார்க்கவும் வேண்டும். கானாவின் மின்வெட்டும் தில்லியின் காப்பு சர்வரும் கற்பிப்பது இதுவே.

நம்பாமையும் தெளிதலும்

இவ்வளவு சோதனையும் வேலையைத் தாமதப்படுத்தாதா, ஊழியரை அவமதிப்பதாகாதா என்று சிலர் கேட்கக்கூடும். கேள்வி நியாயமானதே. இம்முறைக்குப் பணமும் காலமும் தேவை. ஒரு பெட்டியை விலைக்கு வாங்கிச் சுவரில் மாட்டிவிட்டால் வந்துவிடக் கூடியதன்று. எரிச்சலூட்டும்படி அமைத்தால், ஊழியரே அதைச் சுற்றிக் குறுக்குவழி தேடுவார். அப்போது காவல் பெயரளவுக்கே நிற்கும். ஆகவே சோதனையின் பெரும்பகுதியைக் கருவிகளே ஓசையின்றிச் செய்ய வேண்டும். மனிதரைக் கேட்பது தேவையான இடத்தில் மட்டும் இருக்க வேண்டும்.

‘ஜீரோ டிரஸ்ட்’ என்ற பெயரைச் சொல்லுக்குச் சொல் தமிழாக்கினால் ‘நம்பிக்கையே இல்லாமை’ என்றாகும். அது கொள்கையின் உட்பொருளைக் கெடுக்கும். திருக்குறளில் ‘தெரிந்து தெளிதல்’ என்றே ஓர் அதிகாரம் உண்டு. ஆராய்ந்து, அதன் பின் நம்புதல் என்பது அதன் கருத்து. புதிய முறையும் கேட்பது அதுவே. ஓர் ஊழியரின் கடவுச்சொல் திருடு போனால், அவர் பெயரில் பகைவன் நடமாடுவான். பழி அந்த ஊழியர்மேல் விழும். ஒவ்வொரு கதவிலும் சோதனை இருந்தால் அந்தப் பழியிலிருந்து முதலில் காக்கப்படுபவர் அவரே.

நண்பர்களே! இன்னும் சில ஆண்டுகளில் நம்மில் சிலர் மருத்துவமனைகளிலும், சிலர் வங்கிகளிலும், சிலர் அரசு அலுவலகங்களிலும் பணியாற்றுவோம். மென்பொருள் எழுதுவோர் சிலர். எழுதியதைப் பயன்படுத்துவோர் பலர். அன்று யாரேனும் ‘இது உள்வலையமைப்புத்தானே, பூட்டு எதற்கு?’ என்று கேட்டால், நம் விடுதி அறையின் பூட்டை நினைத்துக்கொள்வோம். அதுவரை காத்திருக்கவும் வேண்டாம். எல்லாத் தளங்களுக்கும் ஒரே கடவுச்சொல்லை வைத்திருப்பவர் இன்றிரவே அதை மாற்றட்டும். ஆய்வேட்டை ஒரே மடிக்கணினியில் வைத்திருப்பவர் ஒரு படி எடுத்துத் தனியே வைக்கட்டும். நாட்டின் பெரிய வலையமைப்புகளைக் காக்கப் போகும் கைகள் இங்கேதான் பழக வேண்டும்.