பளு எடுப்புக்களும் பெயர் மரபும்

அளவைகளை எண்ணல், எடுத்தல், முகத்தல், நீட்டல் என நான்காக வகுப்பது தமிழ் இலக்கண மரபு. இவற்றுள் நிறுத்தறியும் அளவைக்கு ‘எடுத்தல்’ எனப் பெயரிட்டமை கருதத்தக்கது. ‘எடை’ என்னும் சொல்லும் ‘எடு’ என்னும் வினையடியாகப் பிறந்ததே. ஒரு பொருளின் பாரம் அதனை எடுக்கும்போதே அறியப்படும் என்னும் பட்டறிவு இச்சொற்களில் பொதிந்து கிடக்கின்றது. ஆயின், எடுத்தல் என்பது ஒரு செயலா, பல செயலா? தரையினின்று முழங்கால் மட்டும் உயர்த்துதலும் எடுத்தலே. தோளில் ஏற்றுதலும் எடுத்தலே. ஒரு கையால் தலைக்குமேல் நிறுத்துதலும் எடுத்தலே. இவற்றுள் எது போட்டிக்குரியது, எது நிறைவுற்றது என்பதை முடிவு செய்வது உடல்வலி மட்டும் அன்று. விதியும் அவ்விதியைத் தாங்கும் பெயருமாம். பல்வகைப் பளுதூக்கலின் வரலாறு இதனைத் தெளிவுறக் காட்டுகின்றது. அதனை விளக்கி, நம் நாட்டு இளவட்டக்கல் மரபு குறித்துத் தமிழாராய்ச்சியாளர் செய்யத்தக்கது யாது எனச் சுட்டுதல் இக்கட்டுரையின் நோக்கம். விதிவகுக்கப்பெற்ற ஒவ்வொரு தூக்கும் முறையையும் ஈண்டு ‘எடுப்பு’ எனக் குறிப்போம்.

போட்டியின் சுருக்கம்

1896-ஆம் ஆண்டு ஏதென்சில் நடந்த முதல் ஒலிம்பிக் விழாவில் பளுதூக்கல் இரு பிரிவாக நிகழ்ந்தது. ஒரு கைப் பிரிவில் பிரித்தானியராகிய லான்சஸ்டன் எலியட் 71 கிலோகிராம் தூக்கி வென்றார். இரு கைப் பிரிவில் அவரும் டென்மார்க்கினராகிய விக்கோ யென்சனும் 111.5 கிலோகிராம் என்னும் ஒரே அளவை எட்டினர். இருவருள் யென்சன் தூக்கிய முறையே செவ்விது எனக் கருதி அவருக்கே முதலிடம் வழங்கினர். அளவு ஒன்றாயிருக்கவும் முறை வேறாயிருந்தமையால் வெற்றி வேறாயிற்று. எடையை மட்டும் கொண்டு எடுப்பை அளத்தல் இயலாது என்பது முதற் போட்டியிலேயே புலனாயிற்று.

1904-ஆம் ஆண்டு செயின்ட் லூயிஸ் நகரில் நடந்த விழாவில் இரு கைகளால் கம்பி தூக்கும் போட்டியோடு, கைக்குண்டுப் பல்வகைப் போட்டி என ஒன்றும் இருந்தது. ஒன்பது வகை எடுப்புக்களும், போட்டியிடுவோர் தாமே தெரிந்துகொண்ட பத்தாவது எடுப்பும் அதன்கண் அமைந்தன. அமெரிக்கராகிய ஆஸ்கார் ஆஸ்தாஃப் அதில் வெற்றி பெற்றார். ஆகவே, பன்மை என்பது ஒலிம்பிக் மரபுக்குத் தொடக்கத்தில் அயலானது அன்று.

பின்னர் நிகழ்ந்தது படிப்படியான சுருக்கம். 1920-இல் ஆண்ட்வெர்ப்பில் எடுப்புக்கள் மூன்று. 1924-இல் பாரிசில் ஐந்து. இவ்விரு விழாக்களிலும் ஒரு கை எடுப்புக்கள் இரண்டு இடம்பெற்றிருந்தன. 1928-இல் அவை நீக்கப்பெற்று, பிரஸ், ஸ்னாட்ச், கிளீன் அண்டு ஜெர்க் என்னும் இரு கை எடுப்புக்கள் மூன்றே எஞ்சின. தோளிலிருந்து கைகளின் வலியால் மட்டும் கம்பியை உயர்த்தும் எடுப்பாகிய பிரசும் 1972-ஆம் ஆண்டு மியூனிக் விழாவோடு நின்றது. உடலைப் பின்புறம் வளைத்துத் தூக்கும் பழக்கம் மிகுந்து, எது வரை பிரஸ், எதற்குமேல் விதிமீறல் என நடுவர் ஒருமைப்பட்டுக் கூற இயலாமற் போனமை அதற்குப் பெருங்காரணம். எல்லை வரையறுக்கப்படாத பொருள் நிலைத்து நில்லாது என்பதற்கு இது தக்க சான்று.

தொகுத்தோர் முயற்சி

போட்டியினின்று நீங்கிய எடுப்பைப் பயில்வோர் குறைவர். பயில்வோர் குறையவே கற்பிப்போரும் அருகுவர். இரண்டு மூன்று தலைமுறையில் அது புகைப்படத்தில் மட்டும் காணப்படுவதாகும். எனினும், பிரித்தானியப் பளுதூக்குவோர் சங்கம் 20-ஆம் நூற்றாண்டின் முற்பகுதியிலேயே 42 எடுப்புக்களுக்கு விதிகளை எழுத்தில் வகுத்து, அவற்றிற்குரிய உச்ச அளவுகளையும் பதிவு செய்து வந்தது. அவ்வெழுத்தே பின்னோர்க்கு வித்தாயிற்று. 1987-ஆம் ஆண்டு பிரித்தானியரும் அமெரிக்கரும் கூடிப் பன்னாட்டுப் பல்வகைப் பளுதூக்கற் சங்கத்தை நிறுவினர். ஒலிம்பிக்கில் இடம்பெறாத பழைய எடுப்புக்களை மீட்டு, நூற்றுக்கு மேற்பட்ட எடுப்புக்களுக்கு விதி அமைத்தனர். ஒவ்வொரு போட்டிக்கும் அவற்றுட் சிலவே தெரிந்தெடுக்கப்படும். உடல் எடைக்கும் முதுமைக்கும் ஏற்ப மதிப்பைக் கணித்து வெற்றி கூறுவதால், இளையோரும் முதியோரும் ஒரே அரங்கில் நிற்றல் கூடும்.

எடுப்புப் பெயர்களின் வகை

இவ்வெடுப்புக்களின் பெயர்களை மொழிநூற் கண்கொண்டு நோக்கின் அவை மூவகைப்படும்.

முதலாவது, செயலால் வந்த காரணப்பெயர். உடலை ஒரு புறம் சாய்த்துக்கொண்டே எடையின் கீழ்ச் சென்று கையை நிமிர்த்தும் எடுப்பிற்கு ‘வளைந்து அழுத்துதல்’ எனப் பொருள்படும் பெண்ட் பிரஸ் என்னும் பெயர் இத்தகையது. ‘எவ்வாறேனும் இரு கையால்’ எனப் பொருள்படும் பெயருடைய எடுப்பு மற்றொன்று. இதில் ஒரு கையால் ஓர் எடையைத் தலைக்குமேல் நிறுத்திய பின், மறு கையால் வேறோர் எடையையும் உயர்த்தி இரண்டையும் ஒருங்கே தாங்குதல் வேண்டும். ‘எவ்வாறேனும்’ எனப் பெயர் கூறினும், முடிவில் இரு கைகளும் நிமிர்ந்து அசையாது நிற்றல் வேண்டும் என்பது விதி.

இரண்டாவது, மக்களின் பெயரால் வந்தது. முழங்கையின் உட்புற மடிப்பில் கம்பியைத் தாங்கி எழும் எடுப்பு, செயின்ட் லூயிஸ் நகரத்து எட் செர்ச்சர் பெயரால் செர்ச்சர் எனப்படும். கம்பியைச் செங்குத்தாக நிறுத்தி, அதன் அடியிற் குனிந்து தோளில் சாய்த்து ஏற்று, உட்கார்ந்தெழுந்து, மீண்டும் அவ்வாறே இறக்கும் எடுப்பு, செர்மானியராகிய ஸ்டைன்பார்ன் பெயரால் வழங்கும். செய்தோன் பெயர் செய்பொருளுக்கு ஆகி வருதலின், இவற்றைக் கருத்தாவாகுபெயருக்கு இனமாகக் கொள்ளலாம். முதுகுப்புறமாகக் கம்பியைப் பற்றி எழும் ‘ஹாக்’ எடுப்பின் பெயருக்கு இருவகைப் பிறப்புக் கூறுவர். வீரர் ஜார்ஜ் ஹாக்கன்ஷ்மிட் பெயரின் குறுக்கம் என்பது ஒன்று. குதிகாலைக் குறிக்கும் செர்மானியச் சொல்லினின்று வந்தது என்பது மற்றொன்று. தோற்றக்காலத்தே எழுதி வைக்கப்படாத பெயர் இவ்வாறு ஐயத்திற்கு இடமாகும்.

மூன்றாவது, இடத்தாலும் இனத்தாலும் வந்தது. ஐரோப்பியப் பெருநிலத்தார், கம்பியை வயிற்றிலோ அரைக்கச்சையிலோ தங்கவைத்துப் பின் தோளுக்கு ஏற்றுவர். இம்முறையை ஆங்கிலேயர் ‘காண்டினெண்டல்’ என்றனர். உடலில் எங்கும் தங்காமல் ஒரே வீச்சில் தோளுக்குக் கொணர்தலைத் ‘தூயது’ எனப் பொருள்படும் ‘கிளீன்’ என்னும் சொல்லாற் குறித்தனர். இன்று ‘கிளீன்’ எனும் சொல் உலகெங்கும் வழங்குகின்றது. எதனினின்றும் வேறுபடுத்தற்கு அது ‘தூயது’ எனப்பட்டது என்பதை அறிவார் சிலரே. அதன் மறுதலையான எடுப்பு பல்வகைப் போட்டிகளில் உயிர்வாழ்கின்றது. மறுதலைச் சொல் மறையின் நின்ற சொல்லின் பொருளும் மங்கும் என்னும் உண்மையை இங்குக் காண்கின்றோம்.

கல்லும் அதன் பெயரும்

கம்பியும் குண்டும் தோன்றுமுன் எடைக்கருவியாய் நின்றது கல்லே. ஸ்காத்லாந்தின் காலிக் மொழியில் ‘ஆண்மைக்கல்’ எனப் பொருள்படும் பெயருடைய கற்கள் இருந்தன. அவற்றைத் தூக்கிய இளைஞன் ஆடவனாக மதிக்கப்பெற்றான். ஐஸ்லாந்தின் மேற்குக் கடற்கரையிலுள்ள தியூபலோன்சாந்தூரில் நான்கு கற்கள் உள்ளன. அவை முழுவலியன், அரைவலியன், குறைவலியன், ஏலாதான் என்னும் கருத்துப்படப் பெயர் பெற்றவை. முறையே 154, 100, 54, 23 கிலோகிராம் எடையுடையவை. படகில் மீன்பிடிக்கப் புகுவோரின் தகுதியை அவற்றால் அளந்தனர். தூக்குவோனின் தன்மை கல்லின் மேல் ஏற்றப்பட்டு, கல்லே மனிதனை அளக்கும் படிக்கல் ஆயிற்று.

தமிழ்நாட்டுத் தென்மாவட்டங்களில் கோயில் முன்றிலிலும் ஊர்ப் பொதுவிடத்திலும் கிடக்கும் இளவட்டக்கல் இவ்வினத்தைச் சார்ந்தது. இளவட்டம் என்பது இளைஞனைக் குறிக்கும் வழக்குச்சொல். பெண் கொள்ள விரும்புவோன் இதனைத் தூக்கிக் காட்டல் வேண்டும் என்னும் வழக்குப்பற்றி இதனைக் கல்யாணக்கல் எனவும் கூறுப. கல் உருண்டு வழுவழுப்பாய்ப் பிடிப்பின்றி இருக்கும். அதனைக் குந்தி அணைத்து, முழங்கால், தொடை, நெஞ்சு எனப் படிப்படியாக ஏற்றித் தோளுக்குக் கொணர்ந்து, பின்புறமாக வீழ்த்துதல் வேண்டும். மேற்கூறிய காண்டினெண்டல் முறையோடு இஃது ஒத்தல் காண்க. பிடிப்பற்ற பெரும்பாரத்தை ஒரே வீச்சில் உயர்த்துதல் அரிது ஆதலின், உடலையே படியாக்கி ஏற்றுதல் இயல்பாயிற்று. திருநெல்வேலி மாவட்டத்து வடலிவிளையில் பொங்கல் விழாவில் இப்போட்டி நடைபெறுகின்றது. பெண்களும் அதில் கலந்துகொள்கின்றனர். பிற ஊர்கள் பலவற்றில் கல் மண்ணிற் பாதி புதைந்து கிடக்கின்றது.

முல்லைக்கலியில் ஏறு தழுவினானுக்கே மகள் உரியள் என வருதலின், இளவட்டக்கல்லையும் அதன் வழிவந்ததாகக் கொள்ளத் தோன்றும். முல்லைக்கலி கூறுவது ஏறு, கல் அன்று. கருத்து ஒப்புமை ஒன்றே கொண்டு வரலாற்றுத் தொடர்பு நாட்டுதல் ஆராய்ச்சி நெறி ஆகாது.

செய்யத்தக்கது

இலக்கியச் சான்று தேடுதலினும் விரைந்து செய்யத்தக்க பணி ஒன்று உண்டு. கல் கெடாது, நூறாண்டு மண்ணிற் கிடப்பினும் அதனை நிறுத்து எடை அறியலாம். சொல் அவ்வாறன்று. குந்தி அணைக்கும் நிலைக்கும், தொடையில் இருத்தும் நிலைக்கும், தோளுக்கு மாற்றும் நொடிக்கும் ஊரார் வழங்கிய சொற்கள், கல்லைத் தூக்கிய முதியோரின் நாவில் மட்டும் உள்ளன. எந்நிலையை அடைந்தால் ‘தூக்கிவிட்டான்’ என ஊர் ஒப்பியது என்பதும் அவர்தம் நினைவிலேயே உள்ளது. கரிசல் வட்டாரச் சொற்களைக் கி. ராஜநாராயணன் அகராதியாகத் தொகுத்தமை போல, இச்சொற்களையும் ஊர் ஊராகச் சென்று தொகுத்தல் வேண்டும். கல்லின் எடை, சுற்றளவு, வழங்கும் பெயர், எடுப்பின் படிநிலைகள், ஊர் விதி, கூறியோரின் வயது ஆகியவற்றை ஒரே முறையிற் குறிப்பின், ஊர்களை ஒப்பிட்டு ஆராய்தல் எளிதாகும்.

மேலைநாட்டார் மறைந்த எடுப்புக்களை மீட்டமைக்குத் துணையாய் நின்றது அவர் உடல்வலி மட்டும் அன்று; முன்னோர் 42 எடுப்புக்களையும் பெயரிட்டு, விதி எழுதி வைத்தமையே ஆகும். நம்மிடம் கல் உண்டு, தூக்குவோரும் உளர். எழுத்து ஒன்றே குறை. அக்குறையை நிரப்புதல் தமிழ் மாணாக்கர் கடன்.