உங்களுக்குத் தெரியுமா? தண்டியலங்காரத்தில் குறுக்கெழுத்து வித்தைகள்!

விருத்தாசலத்துப் பீங்கான் சூளைக்காரர்கள் சட்டெனச் சொல்லிவிடக்கூடிய புதிர் இது:

‘குயவர் பிசைவது: திருவாதிரைப் பிரசாதமும் பூமியும் (4)’

‘குயவர் பிசைவது’ நேர்ப்பொருள். மிச்சமெல்லாம் சொல் விளையாட்டு. திருவாதிரைக்குக் களி, பூமிக்கு மண். சேர்த்தால் களிமண். அடைப்புக்குறிக்குள் இருக்கும் 4, விடைக்கான கட்டங்களின் எண்ணிக்கை; புள்ளி வைத்த ‘ண்’ணும் ஒரு கட்டம்தான்.

1913 டிசம்பர் 21 அன்று ‘நியூயார்க் வேர்ல்டு’ நாளிதழில் ஆர்தர் வின் தந்ததே முதல் நவீன குறுக்கெழுத்துப் புதிர். அதற்குப் பல நூற்றாண்டுகள் முன்பே தண்டியலங்காரம் என்ற அணியிலக்கண நூல் இத்தகைய சொல் வித்தைகளைச் சித்திரகவி என்ற கவிதை வகையாக வகுத்துவிட்டது:

• வினாவுத்தரம்: துண்டு துண்டான விடைகளைக் கோத்தால் முழு விடை.
• அக்கரச்சுதகம்: எழுத்தை நீக்க நீக்க வேறு சொல். ‘தாமரை’யில் ‘தா’ போனால் ‘மரை’, அதாவது மான்.
• கரந்துறைச் செய்யுள்: ஒரு பாட்டுக்குள் இன்னொரு பாட்டு ஒளிந்திருக்கும்.