அந்தரம்: பெயர் தெரியாத மாற்றத்தின் முதல் அறிகுறி

"எனக்கு என்னவோ ஒரு மாதிரி இருக்கு அம்மா. என்னெண்டு சொல்லத் தெரியேல்லை."

"உனக்கென்ன குறை பிள்ளை? எல்லாம் இருக்குத்தானே."

ஒஸ்லோவில் வாழும் எமது குடும்பங்களுக்கு இந்த உரையாடல் புதிதல்ல. பல்கலைக்கழக விண்ணப்பத்தின் முடிவுத் திகதியான ஏப்ரல் 15 நெருங்க நெருங்க இது அடிக்கடி கேட்கும். பிள்ளையிடம் நல்ல புள்ளிகள் இருக்கும். மருத்துவமா பொறியியலா என்று வீட்டில் கதை நடக்கும். பிள்ளையோ, "ஒரு வருசம் போல்கஹொய்ஸ்கூலுக்குப் போகட்டா?" என்று கேட்கும். ஒரு வருடம் வீணாகப் போகிறதே என்று நாம் பதறிப்போகிறோம்.

யாழ்ப்பாணத் தமிழில் அந்தப் பிள்ளையின் நிலைக்கு நல்லதொரு சொல் உண்டு: அந்தரம். "மனம் அந்தரமாய் இருக்கு" என்போம். நிலத்துக்கும் வானத்துக்கும் நடுவே பிடிப்பில்லாமல் நிற்பதையும் அதே சொல் குறிக்கும். மாற்றம் தேவை என்பது மனதுக்குத் தெரிந்துவிட்டது. என்ன மாற்றம் என்பதுதான் இன்னும் தெரியவில்லை. இதைச் சோம்பல் என்றும், நன்றி இல்லாத்தனம் என்றும், கண்ணூறு என்றும் நாம் அவசரப்பட்டுப் பெயரிட்டுவிடுகிறோம்.

இந்த நிலையை ஆராய்ந்தவர்களில் ஒருவர் யூஜின் ஜென்ட்லின். 1926இல் வியன்னாவில் பிறந்த யூதர். நாசிகளிடமிருந்து சிறுவயதில் குடும்பத்தோடு தப்பி அமெரிக்கா சென்றவர். தப்பிச் செல்லும் வழியில், உதவக்கூடியவர் என்று சொல்லப்பட்ட ஒருவரைத் தந்தை சந்தித்துவிட்டு, அவரை நம்பாமல் திரும்பிவிட்டாராம். ஏன் என்று கேட்டதற்கு, தன் உள்ளுணர்வு வேண்டாம் என்றது என்று தந்தை சொன்னதைப் பின்னாளில் ஜென்ட்லின் நினைவுகூர்ந்திருக்கிறார். அவர் சிக்காகோ பல்கலைக்கழகத்தில் உளவளத்துணை உரையாடல்களின் பதிவுகளை ஆராய்ந்தார். சரளமாகக் காரணம் சொன்னவர்களை விட, இடையில் நின்று, சொல் தேடித் தடுமாறி, "இல்லை, அது இல்லை" என்று தம்மைத் தாமே திருத்திக்கொண்டவர்கள் கூடுதலாக முன்னேறியதை அவர் கண்டார். சொல் வருவதற்கு முன்பே உடலில், நெஞ்சிலோ வயிற்றிலோ, ஒரு தெளிவற்ற உணர்வு வந்துவிடுகிறது என்பது அவர் கருத்து. பொருந்தாத சொல்லைச் சொன்னால் அந்த இறுக்கம் அப்படியே இருக்கும். பொருந்தும் சொல் வந்தால் ஒரு பெருமூச்சோடு தளரும்.

ஆகவே அந்தரத்துக்குத் தேவைப்படுவது கால அவகாசமும் ஓர் இடமும்தான். நோர்வேயில் அதற்கென்றே அமைந்தது போல ஒரு நிறுவனம் இருக்கிறது. அதுதான் நாம் வீண் என்று நினைக்கும் போல்கஹொய்ஸ்கூல, அதாவது மக்கள் உயர்பள்ளி. டென்மார்க்கின் குருண்ட்விக் என்ற போதகரின் சிந்தனையிலிருந்து பிறந்த இத்தகைய பள்ளிகளில் முதலாவது 1844இல் அங்கே ரோடிங் என்னும் ஊரில் தொடங்கியது. நோர்வேயின் முதற் பள்ளி 1864இல் ஹாமாரில் திறக்கப்பட்டது. இன்று நாடு முழுவதும் ஏறத்தாழ 80 பள்ளிகள் உள்ளன. மாணவர்கள் அங்கேயே தங்கிப் படிக்கிறார்கள். பரீட்சையும் இல்லை, புள்ளியும் இல்லை.

இந்தப் பள்ளிகளைப் பார்க்க டென்மார்க் சென்ற மைல்ஸ் ஹோர்ட்டன் என்ற அமெரிக்கர், 1932இல் ரென்னசி மாநிலத்தில் ஹைலான்டர் என்ற பள்ளியைத் தொடங்கினார். 1955 ஓகஸ்டில் ரோசா பார்க்ஸ் என்ற கறுப்பினப் பெண் அங்கே ஒரு பயிலரங்குக்குச் சென்றார். ஊருக்குத் திரும்பி என்ன செய்வீர்கள் என்று கேட்டபோது, தனது ஊரில் எதுவும் நடக்கும் என்ற நம்பிக்கை அவரிடம் இருக்கவில்லை. அதே ஆண்டு டிசம்பர் 1ஆம் திகதி மொன்ட்கொமறி நகரப் பேருந்தில் வெள்ளையர் ஒருவருக்காக இருக்கையை விட்டு எழ மறுத்தார். அதைத் தொடர்ந்த பேருந்துப் புறக்கணிப்பு 381 நாட்கள் நீடித்தது. ஓகஸ்டில் அவரிடம் திட்டம் கேட்டு நெருக்கியிருந்தால், சொல்வதற்கு எதுவும் இருந்திருக்காது.

எமது கதையும் இதிலிருந்து அதிகம் தூரமில்லை. 1980களில் இலங்கையிலிருந்து நோர்வே வந்த எம் இளைஞர்கள் கணிசமானோர் இதே மக்கள் உயர்பள்ளிகளின் மாணவர்களாகத்தான் வந்து இறங்கினார்கள். பிறகு பின்மார்க்கின் மீன் தொழிற்சாலைகளில் வேலை செய்து, காலப்போக்கில் ஒஸ்லோவுக்கு இறங்கி வந்தோம். இன்று பிள்ளைகளிடம் அந்தக் கதையைச் சொல்லும்போது, எல்லாம் திட்டமிட்டுச் செய்தது போலச் சொல்கிறோம். உண்மை அதுவல்ல. ஊரில் இனி இருக்க முடியாது என்பது தெரிந்தது. எங்கே, எப்படி, என்னவாக வாழப்போகிறோம் என்பது தெரியவில்லை.

வந்தபின்னும் அந்தரம் தீரவில்லை. அதற்கு ஒரு பதிலை மட்டும் கையில் வைத்திருந்தோம்: "பிரச்சினை முடிய ஊருக்குப் போவம்." இரண்டு வேலை, தமிழ்ப்பள்ளி, கூட்டங்கள் என்று வாரங்கள் ஓடின. 2009 மே மாதத்தோடு அந்தப் பதில் எம்மில் பலரிடம் இல்லாமற் போனது. அந்தரம் மட்டும் மிஞ்சியது. அதைப் பற்றி நாம் வீட்டில் பேசவில்லை. பேசப் பழகாத பெற்றோரிடம் பிள்ளை எப்படிப் பேசும்?

சில காரியங்களை நாம் செய்யலாம். "என்ன செய்யப் போறாய்?" என்று கேட்பதை விட, "எந்த நேரத்தில உனக்கு அப்பிடி இருக்கு?" என்று கேட்டால் பிள்ளையால் பதில் சொல்ல முடியும். ஞாயிறு மாலையா, புத்தகத்தைத் திறக்கும்போதா, உறவினர் வீட்டிலா? பிள்ளை நோர்வேஜிய மொழியில் தொடங்கினால் தடுக்காமல் கேட்போம். தமிழ்ச் சொல் பிறகு வரும். நாமாக ஒரு பெயரைச் சூட்டிவிடாமல், பிள்ளை சொல் தேடும் மௌனத்தைப் பொறுத்துக்கொள்வோம். முடிவுகளில் எதை மாற்றலாம் என்பதையும் அறிந்து வைத்திருப்போம்: ஏப்ரல் 15க்குள் விண்ணப்பித்தாலும், விருப்ப வரிசையை யூலை 1 வரை மாற்ற முடியும்.

ஒன்றை மட்டும் கவனிக்க வேண்டும். நித்திரையும் பசியும் குழம்பி, எதிலும் நாட்டமில்லாமல் இரண்டு வாரத்துக்கு மேல் போனால் அது மனச்சோர்வாக இருக்கலாம். குடும்ப வைத்தியரிடம் போகவேண்டும். வாழ்வே வேண்டாம் என்ற எண்ணம் எட்டிப் பார்த்தால் ஒரு நாளும் தாமதிக்கக்கூடாது. இதில் வெட்கப்பட எதுவுமில்லை.

மற்றபடி, "உனக்கென்ன குறை?" என்று கேட்கும் இடத்தில் எமது உண்மைக் கதையைச் சொல்லலாம். "உன்ர வயதில எனக்கும் ஒண்டும் தெரியாமத்தான் வந்தனான்" என்று. பிள்ளைக்கு அன்று அதுவே போதுமாக இருக்கலாம்.