வருகைப் பதிவேட்டில் இடம்பெறாத நாட்கள்

கேரள மாநிலம் கண்ணூரில் 2020-ஆம் ஆண்டு பொது முடக்க நாட்களில் மாவட்ட ஊராட்சியின் உதவி மையத் தொலைபேசிக்கு ஓய்வில்லை. மளிகைப் பொருளும் மருந்தும் கேட்டு அழைத்தவர்களின் பெயரையும் முகவரியையும் மறுமுனையில் ஒருவர் பொறுமையாகக் குறித்துக்கொண்டார். அந்தக் குரலுக்கு உரியவர், கொச்சி மைதானத்தில் பல்லாயிரம் பேர் பெயர் சொல்லி ஆர்ப்பரித்த கால்பந்து வீரர் சி.கே. வினீத்.

கேரளா பிளாஸ்டர்ஸ், பெங்களூரு எஃப்சி அணிகளின் முன்கள வீரர். இந்திய அணியின் சீருடையை அணிந்தவர். 2019-இல் சென்னையின் எஃப்சி அணிக்காகவும் ஆடியதால் தமிழக ரசிகர்களுக்கும் அறிமுகமானவர். கரோனா பரவியபோது சொந்த மாவட்டத்தில் தன்னார்வலராகப் பணியாற்ற முன்வந்தார்.

அந்த நாட்களின் அச்சத்தை இன்று நினைவுகூர்வது கடினம். நாட்டின் முதல் கரோனா தொற்று 2020 ஜனவரி 30-இல் கேரளத்தில்தான் உறுதி செய்யப்பட்டது. மார்ச் 14-இல் கோவாவில் நடைபெற்ற ஐஎஸ்எல் இறுதி ஆட்டத்தை ரசிகர்கள் இல்லாமலேயே நடத்த வேண்டியதாயிற்று. மார்ச் 25 முதல் நாடே முடங்கியது. வளைகுடா நாடுகளிலிருந்து திரும்பியோர் மிகுந்த காசர்கோடும் கண்ணூரும் ஏப்ரலில் கேரளத்தில் அதிகம் பாதிக்கப்பட்ட மாவட்டங்களாயின. கடைக்குச் செல்லவும் வழியின்றி வீட்டுக்குள் அடைந்திருந்தோருக்கு, உதவி மையத்தின் தொலைபேசியே வெளியுலகத்தோடு இருந்த தொடர்பு. அங்கே குறித்துக்கொள்ளப்படும் பட்டியலின்படி பொருள்கள் வீட்டு வாசலுக்கு வந்து சேர்ந்தன.

வேலை போன கதை

இதே வினீத், "பணிக்கு வரவில்லை' என்ற காரணத்துக்காக மத்திய அரசின் வேலையை இழந்தவர் என்பதுதான் இதில் கவனிக்க வேண்டியது.

விளையாட்டு வீரர்களுக்கான ஒதுக்கீட்டில் 2012-இல் திருவனந்தபுரத்தில் உள்ள தலைமைக் கணக்காயர் அலுவலகத்தில் தணிக்கையாளராகச் சேர்ந்தார் அவர். 2016-இல் பெங்களூரு எஃப்சி, ஏஎஃப்சி கோப்பை இறுதி ஆட்டத்தை எட்டிய முதல் இந்திய அணி என்ற பெருமையைப் பெற்றது. 2017 மே 21-இல் கட்டாக்கில் நடைபெற்ற ஃபெடரேஷன் கோப்பை இறுதி ஆட்டத்தில் மோகன் பகானை அந்த அணி 2-0 என வென்றது. கூடுதல் நேரத்தில் விழுந்த இரு கோல்களையும் அடித்தவர் வினீத். அதே மே மாதத்தில், போதிய வருகைப் பதிவு இல்லை என்று கூறி அலுவலகம் அவரைப் பணியிலிருந்து நீக்கியது. கேரள அரசு தலையிட்டும் பயன் இல்லை. பின்னர் மாநில அரசே அவருக்கு வேலை அளிக்க முன்வந்தது.

விதியின்படி அலுவலகம் செய்தது சரியே என வாதிடுவோர் உண்டு. மற்ற ஊழியர்களுக்கு ஒரு நீதி, இவருக்கு ஒரு நீதியா என்ற கேள்வியையும் ஒதுக்கிவிட முடியாது. ஆனால், ஆடுவதற்காகவே ஒருவரைத் தேர்ந்தெடுத்துவிட்டு, ஆடச் சென்ற நாட்களை வராத நாட்களாகக் கணக்கிடுவது எந்த வகைத் தணிக்கை என்ற கேள்விக்கும் விடை வேண்டும். பிற துறைகளின் கணக்கில் பிழை காணும் அலுவலகத்தில் இது நிகழ்ந்தது என்பது கூடுதல் முரண்.

இரு வகை வீரம்

பேரிடரில் வீரம் காட்டிய கால்பந்து வீரர் என்றால் உலகம் முதலில் நினைப்பது மான்செஸ்டர் யுனைடெட் கோல்காப்பாளர் ஹாரி கிரெக்கைத்தான். 1958 பிப்ரவரி 6-இல் மியூனிக்கில் 23 உயிர்களைப் பலிகொண்ட விமான விபத்தில், உடைந்த விமானத்துக்குள் மீண்டும் நுழைந்து ஒரு கைக்குழந்தையையும் அதன் தாயையும் மீட்டவர் அவர். அதற்காகத் தன்னை வீரர் எனப் புகழ்வதை அவர் விரும்பியதில்லை. பொது முடக்கத்துக்குச் சில வாரங்களுக்கு முன்பு, 2020 பிப்ரவரி 16-இல் அவர் காலமானார்.

கண்ணூரில் தீப்பிழம்பு இல்லை. வினீத் செய்ததை கிரெக்கின் செயலோடு ஒப்பிடுவது இருவருக்குமே நியாயமாகாது. கிரெக்குக்கு முடிவெடுக்கச் சில நொடிகளே இருந்தன. கண்ணூரில் தேவைப்பட்டதோ, வெளியே போகவே அஞ்சிய காலத்தில் நாள்தோறும் கிளம்பிச் சென்று ஒரே இருக்கையில் அமரும் உறுதி. பெருந்தொற்று போன்ற பேரிடரில் உயிர்களைக் காப்பது பெரும்பாலும் இத்தகைய சலிப்பூட்டும் வேலைதான். அதைச் செய்த ஆயிரக்கணக்கான தன்னார்வலர்களின் பெயர்கள் நமக்குத் தெரியாது. வினீத்தின் பெயர் தெரிந்திருப்பதற்குக் காரணம் கால்பந்து மட்டுமே.

விளையாட்டு வீரர்களுக்குப் பதக்கம் பெறும் நாளில் மாலையிடும் அரசுகள், அவர்களுக்கு அளிக்கும் வேலையின் விதிகளை மறுபரிசீலனை செய்வதில் அந்த வேகத்தைக் காட்டுவதில்லை. விதியைத் தளர்த்த வேண்டும் என்பதல்ல கோரிக்கை. மைதானத்தில் கழியும் நாளும் பணிநாளே என வெளிப்படையாக எழுதி வைத்தால் போதும். பிறகு எந்த அதிகாரியும் ஒரு வீரரின் வருகையைத் தேடிப் பதிவேட்டைப் புரட்ட வேண்டியிருக்காது.

ஓர் அலுவலகத்தின் பதிவேடு வினீத்தை "வராதவர்' என்றது. மூன்று ஆண்டுகள் கழித்து, யாரும் வருகை எடுக்காத இடத்துக்கு அவர் தாமாகவே வந்து அமர்ந்தார்.